மூன்று பூக்கள் திரும்பிய பக்கம்

“கண்ணு இருக்கா, இல்ல அதையும் பள்ளிக்கூடத்துலயே வச்சுட்டு வந்துட்டீங்களா டீச்சர்? மூணு பூவும் தப்பாத் திரும்பியிருக்கு.”

“திரும்பினா என்ன இப்போ? அதைப் போர்த்திக்கிட்டா உங்க பொண்ணுக்குத் தூக்கம் வராதா?”

“வராது. என் வயித்துல பொறந்தவதானே. அவளுக்கும் உறுத்தும்.”

பட்டன்கடையின் பின்னறையில் எழுந்த இந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. ஜிப் வாங்க வந்த ஒருவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, ஜிப் வாங்காமலேயே போய்விட்டார். வியாழக்கிழமை மூன்று மணி என்றால் அந்த அறையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து குரோஷா போடுவார்கள் என்பது அந்தக் கட்டடத்துக்கே தெரியும். ஒருத்தி பட்டன்கடைக்காரி. இன்னொருத்தி முதல் மாடிக் கணக்கு டீச்சர். மூன்றாவது, மூன்றாம் மாடிக்குக் குடிவந்து ஆறு மாதமே ஆன மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி. சண்டை அவள் போட்ட பூக்களைப் பற்றித்தான். அவளோ பட்டன் பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில், வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

பட்டன்கடைக்காரியைக் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. அளவு பிசகினால் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான். இரண்டு ஓட்டைப் பட்டன் ஒன்று நான்கு ஓட்டைப் பட்டன் டப்பாவுக்குள் விழுந்துவிட்டால், டப்பாவையே கவிழ்த்துப் பொறுக்குகிற பிறவி. மகளுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது சதுரம் சேர்த்து ஒரு போர்வை கொடுத்து அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். ஒவ்வொரு சதுரத்துக்கும் நடுவில் மஞ்சள் மொட்டு, சுற்றி எட்டு இதழ், அதற்கு வெளியே பச்சை ஒரு சுற்று, பிறகு வெள்ளை நூலில் நான்கு மூலை. இதழ் ஒவ்வொன்றும் பக்கத்து இதழின் தோளில் கொஞ்சம் சாய்ந்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வரும். நாற்பத்தாறு சதுரத்தில் அப்படித்தான் சுற்றி வந்தது. கடைசி மூன்றில் மட்டும் பூ கடிகாரத்தோடு சேர்ந்துகொண்டு சுற்றியது.

“அடுத்த வாரம் சரியாப் போட்டுத் தரேங்க்கா,” என்றாள் முக்காலிக்காரி. அவள் பேசினால் அடுத்த அறையில் யாரோ தூங்குவதுபோல் இருக்கும்.

டீச்சர் தேநீர் கொடுத்தாள். முக்காலிக்காரி இடது கையால் வாங்கினாள். வலது கை சால்வைக்குள்ளேயே இருந்தது. பட்டன்கடைக்காரி அதையும் பார்த்தாள். அவள் கண்ணில் படாதது என்று அந்தத் தெருவில் ஒன்றும் கிடையாது. பார்த்து, வயதில் பெரியவர்கள் கொடுப்பதை இடது கையால் வாங்குகிறாளே, வளர்த்தவர்கள் சொல்லித்தரவில்லை போல என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் குறைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் கண்ணாடிக்காரர் வாசலில் வந்து நின்றார். ஐந்து என்றால் ஐந்து. உள்ளே வரமாட்டார், கூப்பிடவும் மாட்டார். அவர் நிழல் கவுன்ட்டரில் விழுந்ததும் அவள் நூலைச் சுற்றிவிடுவாள். கட்டடத்துப் பெண்கள் எல்லாருக்கும் அவரைப் பற்றி ஒரே அபிப்பிராயம். தங்கமான மனுஷன். தண்ணீர் கேனை யார் தூக்கினாலும் ஓடிவந்து வாங்கிக்கொள்வார். மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றால் படிக்கட்டிலேயே நின்று முடுக்கிக் கொடுப்பார். “என் வீட்லயும் ஒண்ணு இருக்கே” என்று பெருமூச்சு விடாத மனைவி அங்கே கிடையாது.

ஒவ்வொருவர் கைக்கும் ஒரு எழுத்து உண்டு என்பார்கள் குரோஷா போடுகிறவர்கள். டீச்சரின் கண்ணி ஒரேயடியாகத் தொளதொளக்கும். மூன்றாம் மாடிக்காரி ஆரம்பத்தில் போட்ட பூக்கள் மூச்சு விடுகிற மாதிரி இருந்தன. போகப் போக இறுகின. இரண்டாவது மாதத்தில் கண்ணிக்குள் ஊசி நுழையாத அளவுக்கு இறுகி, சதுரமே ஒரு விரற்கடை சிறுத்துவிட்டது. “நூல் என்னோடது, நீ ஏம்மா கஞ்சத்தனம் பண்றே?” என்று பட்டன்கடைக்காரி கேலி செய்தாள். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் வந்தவைதான் இந்த மூன்று.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் கடைக்கு வந்தார். கையில் ஒரு சட்டை. இரண்டு பட்டன்கள், இருந்த இடத்துத் துணியோடு பிய்ந்து போயிருந்தன.

“இதே மாதிரி கிடைக்குமா அக்கா?”

“பட்டன் கிடைக்கும் தம்பி, துணி கிடைக்காது. எதுல மாட்டிச்சு?”

“கதவுல.”

அவள் பட்டனை எடுத்துக் கொடுத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. மூன்று சதுரத்தையும் ஒரு காகிதப் பையில் போட்டு அவரிடமே நீட்டினாள்.

“வீட்டுல கொடுத்துடுங்க. பூவெல்லாம் திசை மாறிப்போச்சு, போர்வைக்கு ஆகாது. கை பழகுற வரைக்கும் வீட்டுலயே போட்டுப் பாக்கட்டும், வியாழக்கிழமை வரணும்னு இல்ல.”

அவர் ஒரு சதுரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸில் கீறல் தேடுகிறவர் பார்ப்பதுபோல் பார்த்தார். இதழ்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இத வேற யாராவது கவனிச்சாங்களா?”

“டீச்சருக்கே தெரியலைங்கறேன். என் கண்ணு ஒண்ணுதான் கண்டுபிடிச்சுது,” என்றாள் அவள், பெருமையாக.

“நான் பாத்துக்கறேன்,” என்றார். பையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை முக்காலி காலியாக இருந்தது. தலைவலி என்று சேதி. பட்டன்கடைக்காரி, குறைந்த மூன்று பூவையும் தானே போட்டுவிடுவது என்று கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். வாங்க வருகிறவர்கள் லேஸைக் கழுத்தோரம் வைத்துப் பார்ப்பதற்காக எதிரே ஒரு ஆள் உயரக் கண்ணாடி மாட்டியிருந்தாள். முதல் பூவில் ஆறாவது இதழ் போடும்போது கழுத்து வலித்து நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் அவள் கையில் இருந்த பூ தப்பாகத் திரும்பியிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கையில் சரியாக இருந்தது. கண்ணாடியில் கடிகாரத்தோடு சேர்ந்து சுற்றியது. அந்த மூன்று பூக்களைப் போலவே. அந்தப் பூவைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தவள் ஊசியை இடது கையில் பிடித்திருந்தாள்.

தேநீர்க் கோப்பை, சால்வை, சட்டையில் பிய்ந்த துணி, “யாராவது கவனிச்சாங்களா” எல்லாம் டப்பா கவிழ்ந்த மாதிரி ஒரே நேரத்தில் அவள் முன்னால் கொட்டின. வந்த புதிதில் மூன்றாம் மாடிக்காரி வலது கையால்தான் போட்டாள். அந்தக் கை என்ன ஆனது என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில், பூ ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறோம். அதோடு நிற்காமல், அவள் வெளியே வர இருந்த ஒரே வியாழக்கிழமையையும் காகிதப் பையில் போட்டு அந்த மனுஷன் கையிலேயே கொடுத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, டீச்சரையும் லீவு போடவைத்து இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. தட்டினார்கள். உள்ளே ஏதோ நகர்ந்தது. காலடி கதவு வரைக்கும் வந்து நின்றது.

“நாங்கதாம்மா,” என்றாள் டீச்சர். “பேச முடியலைன்னா பேச வேண்டாம். வெளியில வரணும்னா ரெண்டு தட்டு தட்டு.”

பிறகு ஒரு தட்டு.

இருவரும் காத்திருந்தார்கள். இரண்டாவது வரவில்லை. ஒன்று தட்டினால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பட்டன்கடைக்காரி இடுப்புப் பையில் இருந்த எஃகு குரோஷா ஊசியை எடுத்தாள். குனிந்து கதவின் கீழ் இடுக்கில் தள்ளினாள். பாதி வெளியே நின்றது. மெல்ல அது உள்ளே இழுபட்டுப் போனது.

டீச்சர் போலீஸை அழைத்துவரப் போனாள். பட்டன்கடைக்காரி படியிலேயே உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் கீழே காலடி கேட்டது. கண்ணாடிக்காரர் சாவியோடு ஏறி வந்தார்.

“கடையைத் திறந்துபோட்டுட்டு இங்க உக்காந்திருக்கீங்களே அக்கா. யாராவது அள்ளிக்கிட்டுப் போயிடப் போறாங்க.”

அவள் எழுந்தாள். எழுந்ததோடு நிற்காமல் படியிறங்கிக் கடைக்கே போய்விட்டாள். இதை மட்டும் அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. நமக்கு எப்படித் தெரியும் என்றால், கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

டீச்சர் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிவர ஒன்றரை மணி நேரம் ஆனது. எல்லாருமாக மேலே போனபோது கதவு விரியத் திறந்திருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டுக்கு மேலே தெரிந்த நுனிகள் கத்தரிக்காய் நிறம்.

“கதவுல நசுங்கிடுச்சு சார். எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள், பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோன்ற அதே குரலில்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். கண்ணாடிக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பட்டன்கடைக்காரி அவளுடைய இடது கையைப் பார்த்தாள். அது சால்வை மடிப்புக்குள் மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவே எஃகின் முனை ஒரு நெல்லளவு தெரிந்தது. பட்டன்கடைக்காரி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருமுறை அந்த மனுஷனிடம் சொன்னது போதும் என்று நினைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் விடியும் முன்னே லாரி வந்து சாமான்களை ஏற்றியது. எந்த ஊருக்குப் போனார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரருக்கும் தெரியவில்லை. மூன்றாம் மாடிக்கு இப்போது ஒரு தையல் மிஷின் மெக்கானிக் குடும்பம் வந்திருக்கிறது. பகலெல்லாம் சத்தம்தான், ஆனால் யாரும் குறை சொல்வதில்லை. கண்ணாடிக்கடை செருப்புக்கடையாகிவிட்டது. டீச்சர் மாற்றலாகிப் போனாள். பட்டன்கடைக்காரியின் மகள் கல்யாணமாகிக் கப்பலில் வேலை செய்கிறவனோடு வேறு ஊருக்குப் போனாள். போர்வையை விரித்து எண்ணிப் பார்த்தாளாம், நாற்பத்தொன்பதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தனவாம்.

அதற்கும் ஒரு வருஷம் கழித்து, அனுப்பியவர் விலாசம் இல்லாத ஒரு உறை வந்தது. உள்ளே ஒரு சதுரம். கடிதம் ஒன்றும் இல்லை. மஞ்சள் மொட்டு, எட்டு இதழ், பச்சைச் சுற்று. வெள்ளை மூலைகளில் மூன்றுதான் முடிந்திருந்தன. நான்காவதில் நூல் அறுந்து தொங்கியது. இறுக்கமா தளர்வா என்று பட்டன்கடைக்காரி விரலால் எத்தனையோ தரம் தடவிப் பார்த்தாள். ஒரு நாள் தளர்வு என்று பட்டது. மறுநாள் அப்படிப் படவில்லை.

அதை அவள் கவுன்ட்டருக்கு மேலே, ஆள் உயரக் கண்ணாடிக்கு எதிரே குத்தி வைத்திருக்கிறாள். நேரில் பார்த்தால் பூ கடிகாரத்தோடு சுற்றுகிறது. வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அவள் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கண்ணாடிக்குள் பார்க்கிறாள். அங்கே பூ சரியான பக்கம் திரும்பியிருக்கிறது. அறுந்த நூல் மட்டும் இங்கேயும் அங்கேயும் ஒரே மாதிரி, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது.