கொட்டாவிப் பொறுப்பாளரின் தாடை

எங்கள் ஊரில் எல்லோருடைய கொட்டாவியையும் என் மனைவி பாக்கியசீலிதான் விடுகிறாள். நகராட்சியில் நிரந்தர வேலை. யாருக்காவது கொட்டாவி வந்தால் வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்குவார். இவள் எங்கே இருந்தாலும் இவள் வாய் திறந்துகொள்ளும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் வேலை அதிகம்.

இந்த ஜூனில் அவளுடைய காதுக்கு முன்னால் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பிறகு வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கொட்டாவிகள் வந்துகொண்டே இருந்தன. வெளியே போக வழியில்லை. மூன்றாம் நாள் குதிகால் தரையை விட்டு எழும்பியது. ஐந்தாம் நாள் தலை உத்திரத்தில் தட்டியது. நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஏணியில் ஏறி ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி கொடுத்தேன்.

"சிரிப்பா வருது. சிரிக்கத்தான் முடியலை," என்றாள் பல்லிடுக்கு வழியாக.

அவள் இடுப்பில் ஒரு சேலையைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, தாடை டாக்டர் சையது மீரானிடம் நடந்தேன். வழியில் நாலு பேர் கையைத் தூக்கினார்கள். ஒவ்வொரு கைக்கும் அவள் ஒரு முழம் உயர்ந்தாள். நாலாவது கைக்கு என் செருப்பும் தரையில் இல்லை. நல்லவேளையாக ஆஸ்பத்திரி மாடியில்தான் இருந்தது. ஜன்னல் வழியாகவே போய்விட்டோம்.

டாக்டர் ஸ்டூலில் ஏறித் தாடை மூட்டை அழுத்திப் பார்த்தார்.

"உள்ள இருக்கிற தட்டு ஒட்டிக்கிச்சு. கழுவி விட்டாச் சரியாயிடும். ரெண்டு ஊசி. ஒண்ணு வழியா உப்புத்தண்ணி உள்ள போகும், இன்னொண்ணு வழியா வெளிய வரும். கடைசியா மூட்டு வழவழன்னு அசைய ஒரு மருந்து செலுத்துவேன். முதல்ல மரத்துப்போக ஊசி உண்டு. பயப்படாதீங்கம்மா."

"அப்புறம் கீழ வந்துருவேனா?"

"எவ்வளவு நிதானமா விடுதீங்களோ, அதைப் பொறுத்து."

அவள் என்னைப் பார்த்தாள். "என் காலைப் பிடிச்சுக்கோங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் பிடிக்கச் சொன்னதில்லை. இரண்டு பாதங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தன. கழுவிய தண்ணீர் முதலில் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. டாக்டர் மருந்தைச் செலுத்தினார்.

"இப்பத் திறங்க."

வாய் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்தது. அந்தக் கொட்டாவி நாற்பது நிமிஷம் நீடித்தது. அது போன வேகத்தில் அவள் அறையைச் சுற்றினாள், நானும் சுற்றினேன், நாள்காட்டி, மருந்துச் சீட்டுகள், டாக்டரின் கண்ணாடி எல்லாம் கூடவே சுற்றின. ஊர் முழுக்கக் கண்ணில் நீர் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் இருவருக்கும் அது சிரித்ததால் வந்தது. கடைசிச் சுற்றில் மெத்தென்று நாற்காலியில் இறங்கினாள்.

இரண்டு வாரம் மிருதுவான சாப்பாடு, வாயை அகலத் திறக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த விடுப்புக் காலத்துக்கு நகராட்சி ஆணையர் திருமலைக்கொழுந்து கொட்டாவிப் பொறுப்பை ரயில்வே கேட்டிடம் ஒப்படைத்தார். கேட் நன்றாகவே செய்கிறது. ஆனால் பெரும்பாலும் திறந்தே இருப்பதால் நேற்று ரயிலால் போக முடியவில்லை. பயணிகள் இறங்கி வந்து, பாக்கியசீலியிடம் நலம் விசாரித்துவிட்டு, ரயிலை எங்கள் வாசலில் விட்டுப் போனார்கள். ஓரமாகத்தான் நிற்கிறது. பால்காரர் வர வழி இருக்கிறது.