தரை மூச்சு விடுகிறது

அவன் டைல்ஸ் பதிப்பவன். வயது இருபத்து நான்கு. அவனுடைய மேஸ்திரி, கூடப் பிறந்த அக்காவேதான் என்பதால், வீட்டில் மிச்சம் வைத்த திட்டு வேலையிடத்தில் கிடைத்துவிடும்.

கல்லூரியில் படித்தபோது, போதை மருந்து தோய்த்த தபால்தலை அளவுக் காகிதத் துண்டை நான்கைந்து முறை நாக்கில் வைத்திருந்தான். "சொர்க்கம் தெரியும்டா" என்றார்கள் நண்பர்கள். தெரிந்தது. பிறகு அவன் அதை விட்டுவிட்டான். மூன்று வருடமாகியும் அது அவனை விடவில்லை. வாரம் இரண்டு முறையாவது கோடுகள் நெளியும், கையை அசைத்தால் பின்னாலேயே நாலு கை வரும், பதித்த தரை மூச்சு விடும். யாரிடமும் சொல்லவில்லை. தரை நிஜமாகவே மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பான். குமிழி நடுவில் நின்றால் தரையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வான்.

அன்று ஒரு பல் டாக்டரின் புது கிளினிக்கில் வேலை. மத்தியானம் மூலையில் நாலு டைல்ஸ் மெல்ல எழும்பின. "போடா, உன் பருப்பு இன்னைக்கு வேகாது" என்று சொல்லிவிட்டு, ரசமட்டத்தைக்கூட எடுக்காமல் சாப்பிடப் போய்விட்டான்.

திரும்பி வந்தால், டாக்டரம்மா நாற்காலிமேல் ஏறி நிற்கிறார். தரைக்கடியில் குழாய் உடைந்து அறையெல்லாம் தண்ணீர்.

"தரை தூக்கிக்கிட்டு நின்னிருக்குமே, பாக்கலையா?" என்றாள் அக்கா.

"பாத்தேன்."

"பாத்துட்டா சோறு திங்கப் போன?"

"நிஜம்னு தெரியலக்கா."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். அக்காவுக்கு முகம் வெளுத்தது.

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா கட்டர் மெஷின் புடிச்ச? விரல் பத்தும் இருக்கான்னு எண்ணு!"

"எந்தக் கையில எண்ணுறது? நாலு தெரியுதே."

முதுகில் ஒன்று விழுந்தது.

மறுவாரம் மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள். "பைத்தியமெல்லாம் இல்லம்மா. அந்த மருந்து சிலருக்கு இப்படித் தடம் விட்டுட்டுப் போகும். இனி எதையும் தொடக் கூடாது, கஞ்சாகூட. நல்லாத் தூங்கணும்."

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"சிலருக்குப் போயிடும், சிலருக்குக் குறையும். தேதி சொல்ல எனக்குத் தெரியாது."

பஸ் நிறுத்தத்தில் அக்கா வேறு பக்கம் திரும்பி அழுதாள். அவனுக்கு அந்த அடியே தேவலாம் போலிருந்தது.

இப்போது கட்டர் அவள் கையில். "அக்கா, ஜன்னலோரம் ஆடுது" என்று அவன் குரல் கொடுத்தால், போய் ஓங்கி மிதித்துவிட்டு, "ஆடல, வேலையப் பாரு" என்பாள். வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். மாதம் ஒன்றிரண்டு முறைதான் அப்படி மிதிக்க வேண்டியிருக்கிறது.