மாடியில் விரித்த சிவப்புப் புடவை

வானத்தில் உட்கார்ந்து படம் எடுக்கும் வேலைக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று யாராவது கேட்டால் விரல் விட்டுச் சொல்வேன். புவியியலில் பட்டம் வேண்டும். அதைத் தாம்பரத்துப் பழைய காலேஜில், வகுப்பில் பாதியும் மரத்தடியில் பாதியுமாக வாங்கிவிட்டேன். படங்களைப் படித்துப் பொருள் சொல்லும் ஒரு வருடப் படிப்பு வேண்டும். புள்ளி புள்ளியாக அச்சடித்த அட்டையில் ஒளிந்திருக்கும் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காது அடைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பது வயிற்றிலேயே இருக்க வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கும். சின்ன விமானம் ஒரே ஏரியைப் பன்னிரண்டு முறை சுற்றும்போது தெரியும் சேதி.

கனவு காண்கிறவளா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரே கனவு. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் தரை கண்ணாடியாகிவிடும். கட்டிலுக்கு அடியில் மீன்கள் போகும். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வருகிறவர்களைப் போல, அவசரமே இல்லாமல் போகும். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பேன். பயமே வராது. காலையில் சொன்னால் அம்மா ஞானம்மாள் என் தலையணைக்கு அடியில் பைபிளை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அந்த வீட்டைக் கட்டியது அப்பா. ஏசுபாதம் மேஸ்திரி என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஆறு நாளும் அடுத்தவர்களுக்குக் கட்டிவிட்டு, ஞாயிறு மத்தியானங்களில் தனக்குக் கட்டினார். மூன்று வருடம் ஆனது. ஒவ்வொரு டிசம்பரிலும் தண்ணீர் உள்ளே வந்து கணுக்கால்வரை நிற்கும். மழை என்றால் தண்ணீர் வராமல் வெயிலா வரும் என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்க விடமாட்டார்.

எல்லாத் தேர்விலும் தேறிவிட்டேன். கடைசியாக ஒரு சோதனைப் பறப்பு. அதில் தேறினால் விமானத்தில் கேமராவுக்குப் பின்னால் எனக்கொரு இருக்கை. தவறினால் அஸ்தினாபுரத்து ஆபீசில், மற்றவர்கள் எடுத்து வந்த படங்களை ரிடையர் ஆகும்வரை அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஆபீசில் ஜன்னல்கூடக் கிடையாது. எனக்கு அந்த இருக்கை வேண்டும். இதைச் சொல்ல வெட்கமில்லை, அதற்காக நான் ஜெபம்கூடச் செய்தேன்.

என்னைச் சோதிப்பவர் பட்டாபிராமன் சார். பதினெட்டு வருடம் பறந்தவர். அவர் சிரித்ததை யாரும் படம் எடுத்ததில்லை. ஏறுவதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "படத்துல என்ன இருக்கோ அதை மட்டும் வரையணும். உன் ஊர்தான், எல்லாம் உனக்குத் தெரியும். அந்தத் தெரிஞ்சதையெல்லாம் கீழயே விட்டுட்டு ஏறும்மா."

வேலை இதுதான். செம்பாக்கம் ஏரிக்கு மேலே பறக்க வேண்டும். ஒரு கேமரா நிறத்தைப் பார்க்கும், இன்னொன்று சூட்டைப் பார்க்கும். வெயில் ஏறிய பிறகு காய்ந்த மண் சூடாகிவிடும், ஈர மண் குளிர்ச்சியாகவே இருக்கும். சூட்டுப் படத்தில் அந்த ஈரம் கறுப்பாக விழும். அதை வைத்து ஏரி ஒரு காலத்தில் எதுவரை இருந்தது என்று கோடு போட வேண்டும்.

ஜனவரி மாதம், காலை பத்து மணி. நான் மேலே வரப்போகிறேன் என்று அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அத்தனை மாடிகளுக்கு நடுவில் நம் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று யோசித்து, அம்மாவின் சிவப்புப் புடவையை மொட்டை மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்திருந்தார். கல்யாண நாளுக்கு எடுத்த புடவை. அம்மா திட்டியதைக் காதில் வாங்கவே இல்லையாம்.

மேலே சத்தம் ஒன்றுதான் உலகம். அது காதில் பழகியதும் மௌனம் மாதிரி ஆகிவிட்டது. மேகத்தின் நிழல் கூரைகளின் மேல் நகர்ந்தது. மின்சார ரயில் ஒன்று தாம்பரத்தை நோக்கி ஊர்ந்தது. நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று ஒரு நிமிடம் நிச்சயமில்லை. சூட்டுப் படத்தில் கறுப்பு மெல்ல விரிந்தது. இப்போதிருக்கும் ஏரியோடு அது நிற்கவில்லை. காலி மனைகள், தோட்டங்கள், மண் சந்துகள் வழியாகக் கசிந்து, தெருக்களுக்கு அடியில் பெரிய ஏரியொன்று படுத்திருந்தது. ஈரக் காலோடு யாரோ நடந்துபோன தரைபோல அதன் விளிம்பு தெளிவாக இருந்தது.

நிறப் படத்துக்கு மாற்றினேன். சிவப்பாக ஒரு சின்னப் பட்டை. அப்பா விரித்த புடவை. ஏரிக்குள் இருந்தது.

கை நின்றுவிட்டது. எங்கள் தெருவுக்கு முன்னால் உயரமாக ஒரு தார் ரோடு போகிறது. கோட்டை அதன் ஓரமாகவே இழுத்துவிடலாம். பார்க்கிறவர்களுக்கு அது கரையென்றே தோன்றும், சாருக்கும் தோன்றலாம். என் அப்பாவின் மூன்று வருட ஞாயிறுகள் கரைமேல் தப்பித்துக்கொள்ளும். என் கட்டிலும் தப்பிக்கும். காது அடைப்பதற்குச் சோதனை வைத்தவர்கள் இதற்கு வைக்கவில்லை.

ஆனால் மீன்கள் போன இடத்தை இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். பார்த்ததை இல்லை என்று வரைய எனக்குக் கை வரவில்லை. கறுப்பின் விளிம்பு போன வழியே கோட்டை இழுத்தேன்.

பின்னாலிருந்து சார் குனிந்தார். "அது என்னம்மா சிவப்பா?"

"புடவை சார். எங்க வீட்டு மாடி."

அவர் சிவப்பையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார். "இது டெஸ்ட்டோட முடியாது. இந்தக் கோடு ரிப்போர்ட்டுக்கும் போகும். கோட்டுக்குள்ள இருக்கற வீடெல்லாம் ஏரி நிலம்னு ஆயிடும்."

"தெரியும் சார்."

இறங்கியதும் தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். தேறிவிட்டேன். அவர் அப்போதும் சிரிக்கவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா புடவையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது என்றேன். வேலை கிடைத்ததைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன், அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொல்லூறு, மட்டப்பலகை என்று கொத்து வேலைச் சாமான் எல்லாம் வைத்திருக்கும் கோணிப்பையைத் துழாவி ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே வெளுத்துப்போன நத்தை ஓடுகள், ஒரு கைப்பிடி.

"இந்த வூட்டுக்குக் கடக்கால் தோண்டறப்ப மண்ணுக்குள்ள வந்துச்சு. இன்னா எடம்னு அப்பவே புரிஞ்சிபோச்சு. யார்கிட்டயும் சொல்லாம மண்ண தள்ளி மூடிட்டேன்." ஓடுகளை விரலால் கிளறினார். "கோடு கோணாம வந்துதா?"

"வந்துச்சுப்பா."

"எந்தப் பக்கமா போவுது?"

"சமையல்கட்டு நடுவுல."

அதுவரை அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அடுப்பு எந்தப் பக்கம் கீது?"

"ஏரிக்குள்ளம்மா."

அம்மா காலுக்குக் கீழே தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூன்று டம்ளரில் டீயை ஊற்றினாள்.