பதினொன்றில் எடுத்த படம்

சத்யா லென்ஸைத் துடைத்து மாட்டினாள். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் அவள் நடத்தும் ஸ்டுடியோ அது. ஸ்டூலில் செவந்தி உட்கார்ந்திருக்க, அம்மா இருளாயி அவள் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். மாப்பிள்ளையின் அக்கா ஞானமணி மட்டும் உட்காரவில்லை. போன வாரம் இங்கே எடுத்த படத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"கண்ணு பளிச்சுன்னு இருக்கு. காது எங்கங்க?"

"லென்ஸை நல்லாத் தொறந்து எடுத்தா அப்படித்தாங்க வரும். கண்ணு தெளிவா நிக்கும், காதும் முடியும் பஞ்சு மாதிரி ஆயிரும். கல்யாணப் பொண்ணுங்களுக்கு இப்படித்தான் எடுக்குறேன்."

"எல்லாருக்குமா, இதுக்கு மட்டுமா? காதுக்குப் பின்னாடி வெள்ளை விழுந்திருக்குன்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு."

இருளாயி மகளின் முடியை ஒதுக்கிக் காதைத் திருப்பிக் காட்டினாள். மாசு மருவில்லாத தோல்.

"நான் பாத்து என்ன செய்ய? சிங்கப்பூர்ல இருக்க தம்பி பாக்கணும். நாளைக்கு அக்காவும் கூட்டுன்னு நான்தான் பேச்சு வாங்கணும். வீட்டுல சும்மா இருக்க பிள்ளைன்னுதான் பேசவே ஆரம்பிச்சோம்."

செவந்தி தலை நிமிரவில்லை. வெல்டர் சட்டையில் வெயிலுக்குக் கண் சுருக்கிச் சிரிக்கும் மாப்பிள்ளை திருமுருகனின் படம் அவள் செல்போனில் இருந்தது. தினமும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதை எடுத்துப் பார்ப்பாள்.

"இப்ப லென்ஸ் நம்பரைப் பதினொண்ணுல வைக்கிறேன்," என்றாள் சத்யா. "மூக்கு நுனியிலேருந்து பின்னல் வரைக்கும் ஒண்ணு விடாமத் தெரியும். துவாரம் சின்னதாயிரும், வெளிச்சம் கூட வேணும்."

"இருங்க. நம்பர் ஏறுனா துவாரம் சின்னதாகுமா? எங்கிட்டாச்சும் உண்டா? குழப்பிவிட்டு ஆள அனுப்பப் பாக்குறீங்களா?"

சத்யா நம்பரைப் பதினொன்றில் வைத்து, வெளிச்சம் கூட்டாமல் ஞானமணியையே ஒரு படம் எடுத்துக் காட்டினாள். கருகருவென்று விழுந்திருந்தது.

"ஆத்தாடி, என்னைக் கரியாக்கிட்டீங்களே!"

இருளாயி சிரித்தாள். செவந்தியும் சிரித்தாள். ஞானமணி சிரிக்காமல் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

இரண்டு விளக்குகளையும் முழுதாகக் கூட்டிவிட்டு சத்யா கேமராவில் கண் வைத்தாள். உடனே கண்ணை எடுத்து, செவந்தியின் கைகளைப் பார்த்தாள்.

"கைய முந்தானைக்குள்ள விட்டுக்கம்மா."

"ஏன்? கைய ஏன் மறைக்கணும்?" என்றாள் ஞானமணி. "மடியில வையி. ரெண்டும் தெரியட்டும்."

செவந்தி அம்மாவைப் பார்த்தாள். இருளாயி சுவரைப் பார்த்தாள். செவந்தி கைகளை மடியில் வைத்தாள். ஃப்ளாஷ் அடித்தது.

கம்ப்யூட்டர் திரையில் காது முழுசாக வந்திருந்தது. தோட்டின் திருகாணி, பின்னால் இருந்த பூனைமுடி, எல்லாம் தெரிந்தன. ஞானமணி திருப்தியோடு தலையசைத்தாள். பிறகு, "கீழ தள்ளுங்க," என்றாள்.

விரல் நுனிகள் கறுத்து, நகக்கண்ணைச் சுற்றித் தோல் வெந்து உரிந்திருந்தன. கட்டைவிரலில் கொப்புளம் உடைந்த இடம் சிவப்பாக இருந்தது.

"இது என்ன, மருதாணியா?"

"முந்திரி ஒடைக்கிறேங்க மதினி," என்றாள் செவந்தி. "கொட்டை எண்ணெய் பட்டா இப்படி ஆயிரும். ரெண்டு மாசம் வேலைக்குப் போகாட்டிப் புதுத் தோல் வந்துரும்."

"மதினியா? அதுக்குள்ளயா? வீட்டுல சும்மா இருக்குன்னீங்களே!"

"அவுங்க அப்பா படுத்த படுக்கையாக் கெடக்காரு," என்றாள் இருளாயி. "சும்மா இருந்தா ஒலை வைக்க முடியுமா தாயி? வேலைக்குப் போற பிள்ளைன்னா யாரு கேக்குறா?"

"அவுங்களும் வெல்டிங்தானே பாக்குறாங்க," என்றாள் செவந்தி. "தீப்பொறி படாமயா இருக்கும்?"

"ஆம்பளைக்கு என்னடி? காத மறைச்சிட்டீங்கன்னு வந்தேன். கையையில்ல மறைச்சு வச்சிருக்கீங்க!"

சத்யா திரையை அணைக்கக் கை நீட்டினாள். ஞானமணி தடுத்தாள். படத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். பத்து விரல்கள் மட்டும் திரையை நிறைத்தபோது அதைத் தன் செல்போனில் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். முகம் உள்ள படத்தை அனுப்பவில்லை.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. போதும் என்று யாரும் சொல்லாததால், வைக்கச் சொன்ன இடத்திலேயே கைகளை வைத்தபடி, செவந்தி ஸ்டூலில் நேராக உட்கார்ந்திருந்தாள்.