பின்னறையில் ஒரு நீண்ட ஸஜ்தா

பள்ளிவாசலில் பெண்களுக்கென்று ஓர் அறை இருந்தது, கண்ணுகளே. உடைந்த நாற்காலி, சுருட்டிய பழைய கம்பளம், தண்ணீர் மோட்டார், இவற்றோடு பெண்கள். இமாமின் குரல் சுவரில் மாட்டிய ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். பெரிய கூடத்தில், ஆண்களுக்குப் பின்னால் ஒரு வரிசை கொடுங்கள் என்று தையல்காரி தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டாயிற்று. பள்ளிவாசல் தலைவர் அவளுடைய அக்கா புருஷன்தான். காது மட்டும் கொடுக்க மாட்டார்.

இந்தத் தகராறைப் படமெடுக்க ஒரு பெண் கேமராவோடு வந்ததும் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக்கு இஸ்திரி, தாடிக்கு அத்தர்.

"எங்க பொம்பளைங்களை ராணி மாதிரி வச்சிருக்கோம்மா. தனி ரூம்!"

"ராணிக்குப் பக்கத்துல மோட்டார் எதுக்கு மச்சான்?" என்றாள் தையல்காரி.

"கொழுந்தியாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்," என்று கேமராவுக்குச் சிரித்தார். தம் முகம் பளிச்சென்று விழ வேண்டுமாம். பெரிய விளக்கொன்றை வரவழைத்து, ஒலிபெருக்கியின் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே செருகினார். தாங்காது என்று சொன்னவர்களை முறைத்தார்.

மாலை நேர அஸர் தொழுகை. கடைசி ஸஜ்தாவுக்குப் பெண்கள் நெற்றியைத் தரையில் வைத்ததும் 'டப்' என்று பெட்டி கருகியது, ஒலிபெருக்கி ஊமையானது. எழச் சொல்லும் குரல் வரவில்லை. இமாம் இன்று உருகி வேண்டுகிறார் போலும் என்று தையல்காரி அப்படியே கிடந்தாள். தூசி மூக்கில் ஏறியது. ஒருத்தி தும்மினாள். ஜன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம், தலைவரின் வெடிச்சிரிப்பு. ஆண்கள் தொழுது முடித்துக் கிளம்பியே விட்டார்கள்!

தலை தூக்கினாள். வாசலில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட தலைவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"இதை மட்டும் வெட்டிடுங்கம்மா."

"வெட்டாதேம்மா," என்ற தையல்காரி நேரே பெரிய கூடத்துக்கு நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே.

"ஏய், அது ஆம்பளைங்க இடம்!"

"ஆம்பளைங்கதான் எங்களைக் குப்புற விட்டுட்டு வீட்டுக்குப் போயாச்சே!"

கடைசி வரிசையில் தோளோடு தோள் நின்றார்கள். பாதியில் அறுந்த தொழுகையை, நடுவில் நின்று அவளே தொழுவித்தாள். முடிந்தும் ஒருத்தியும் எழவில்லை. பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு வந்த ஆண்கள் வாசலிலேயே திகைத்தார்கள்.

"ஹஜ்ரத், ஏதாவது சொல்லுங்க," என்று தலைவர் இமாமைப் பிடித்துக்கொண்டார்.

இமாம் பெண்களைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

"நேரமாச்சு. முன்னால போய் வரிசையில நில்லுங்க."

தலைவர் போய் நின்றார். வேறென்ன செய்வார், பாவம்!