வேர்க்காத கணினி

என் அண்ணன் மரோலோப்புக்கு மேடான் நகரத்தில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை. அண்ணி தியூர்மா ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த சாமான்களில் பெரியது ஒரு கணினி. அதன் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேல் அதை விரட்டிப் பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆசை. வேகம் ஏறினால் சூடு ஏறும். சூடு ஏறினால் கணினி நின்றுவிடும். விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையில் இருக்கிற வெக்கைக்குக் கீழே அதைக் குளிர்விக்க முடியவில்லை.

அந்த வருடம் இங்குள்ள ஒரு பெரிய கடை வளாகத்தில் போட்டி வைத்தார்கள். எவருடைய கணினி அதிக வேகத்தில் ஓடிச் சோதனையை முடிக்கிறதோ அவருக்குப் பரிசு. யாரிடமும் கேட்காமல் தியூர்மா பெயர் கொடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில், கடையில் பழுது நீக்கி வைத்திருந்த ஒரு ஃப்ரிட்ஜுக்குள் கணினியை வைத்துப் பார்க்கத் துணிந்தாள். வயர் போக வழி வேண்டுமே என்று பக்கவாட்டில் துளை போட்டாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே ஓடிய குழாய் கிழிந்து வாயு முழுவதும் வெளியேறிவிட்டது.

அண்ணன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"பக்கத்துலயா ஓட்டை போடுவ?"

"பின்னாடி போட்டா அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன், அபாங்." புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள கம்ப்யூட்டரை வைக்கிறது மட்டும் அழகாக்கும்?"

அதற்குள் ஃப்ரிட்ஜின் சொந்தக்காரர் சிஹோம்பிங் வண்டியோடு வந்து நின்றார். கள்ளுக்கடைக்காரர். எங்கள் பக்கத்து ஆண்கள் 'மச்சான்' என்பதுபோல ஒருவரையொருவர் 'லாயே' என்பார்கள்.

"என்ன லாயே, என் மீனுக்கு வீடு ரெடியா?"

"ரெடிதான் லாயே. என் பொண்டாட்டி அதுக்கு ஜன்னல் வேற வச்சிட்டா."

வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கள்ளுக்கடைக்குப் போயிற்று. அதற்குள் இருந்த மீனையெல்லாம் கெடுவதற்குள் அண்ணன், அண்ணி, நான் மூவரும் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது அவனே வாயைத் திறந்தான்.

"ஓட்டை சரியா விழுந்திருந்தாலும் அது குளிர்ந்திருக்காது. மீன்னா ஒரு தடவை சூட்டை எடுத்தா போதும், அப்புறம் சும்மா கெடக்கும். உன்னுது எரியிற அடுப்பு. அடுப்பை உள்ள வச்சுக் கதவைச் சாத்தினா மோட்டாரு என்ன பண்ணும், பாவம்?"

தியூர்மா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப பெட்டியே வேணாம். குளிர்ற குழாயை நேரா சிப்பு மேலயே அழுத்தி வச்சா?"

அண்ணன் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு இருவரும் கடைக்கு நடந்தார்கள்.

துளை விழுந்த ஃப்ரிட்ஜின் மோட்டாரைக் கழற்றினார்கள். சிப்பின் மேல் உட்காரும்படி ஒரு செம்புக் கட்டியை அறுத்து, அதில் குழாயைப் பற்றவைத்து, புதிதாக வாயுவும் நிரப்பினான் அண்ணன். ஓடவிட்டதும் வெப்பமானி சரசரவென்று இறங்கிப் பூச்சியத்துக்குக் கீழே போயிற்று. தியூர்மா கை தட்டினாள். அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. எங்கள் ஊர்க் காற்றில்தான் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லையே. செம்பைச் சுற்றி முத்து முத்தாக வேர்த்து, நீர் சிப்பு பொருத்தியிருந்த பலகையில் வழிந்தது. டப்பென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். பலகை போய்விட்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பேரை எடுத்துடச் சொல்லிடறேன்."

"குளிர்ல வேர்த்துதுன்னா குளிர் வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்றான் அண்ணன். "பாதி வேலை முடிஞ்சுது. இனிமே காத்து அதைத் தொடாம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

குழாய்க்குக் கறுப்பு நுரை ரப்பரைச் சுற்றினார்கள். ஆனால் சிப்பைச் சுற்றியுள்ள சந்துபொந்துகளில் அது உட்காரவில்லை. எங்கே இடைவெளி இருந்ததோ அங்கே வேர்த்தது. மறுநாள் மருத்துவமனையில் ஒருவருக்குப் பல் அச்சு எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த தியூர்மாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. அந்த மாவு எந்தச் சந்திலும் நுழைந்து அப்படியே இறுகிவிடுமே! மருத்துவரிடம் கொஞ்சம் கேட்டாள்.

"யாருக்கும்மா, எந்தப் பல்லு?"

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, டாக்டர். கடைவாய்ப் பல்லு."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அவள் தோழியிடமிருந்து இரவல் வாங்கிய பலகையில், நான் மாவைப் பிசைந்து பிசைந்து கொடுக்க, அவள் விரல் நுனியால் அமுக்கி அமுக்கி அடைத்தாள். ஓடவிட்டுக் காத்திருந்தோம். அண்ணன் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தான். ஈரமே இல்லை.

போட்டியன்று மற்றவர்கள் பளபளக்கும் விளக்குகளோடு வந்திருந்தார்கள். எங்கள் மேசையில் ஃப்ரிட்ஜ் மோட்டார் டர்ரென்று அதிர்ந்தது.

"ஐஸ்கிரீம் விக்க வந்தீங்களாக்கா?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"ஆமா தம்பி. தோத்துட்டு வா, ஒண்ணு தர்றேன்."

அவள் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அண்ணன் நாடி பிடிப்பதுபோல மோட்டார் மேல் கை வைத்தபடி நின்றான். பக்கத்து மேசைக்காரனின் கணினி நடுவில் நின்றுபோனது. எங்களுடையது சோதனையை முடித்தது. திரவ நைட்ரஜனை ஊற்றி ஊற்றி ஓட்டிய பாண்டுங் நகரத்துக்காரர் ஒருவர்தான் எங்களை முந்தினார். இரண்டாம் இடம். அவரே எழுந்து வந்து மோட்டாரைக் குனிந்து பார்த்தார்.

"எனக்கு இந்தப் புட்டி காலியானா ஆட்டம் முடிஞ்சுது. உங்களுது எவ்வளவு நேரம் ஓடும்?"

"கரண்டு இருக்கிற வரைக்கும்" என்றாள் தியூர்மா. சொன்ன பிறகுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது போலிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

திரும்பும்போது மூன்று பேரும் மோட்டாரை மடியில் தாங்கியபடி பெச்சா என்னும் மூன்று சக்கர வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மோட்டாரின் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"தியூர், இந்த மோட்டாரோட குளிரை வச்சு இன்னொரு மோட்டாரோட சூட்டை எடுத்தா, அந்த ரெண்டாவது எவ்வளவு கீழ போகும்?"

அவள் சடாரென்று அவன் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு எனக்கு முன்னாலும் பின்னாலும் கையை நீட்டி நீட்டி இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்குப் பசி, மீ கோரெங் நூடுல்ஸ் கடையில் நிறுத்துங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.