பன்னிரண்டு தலைமுறை நஷ்டம்

பன்னிரண்டு தலைமுறை மூதாதையரின் விலை நூற்றைம்பது யென். ஜப்பானின் சக்காய் துறைமுகத்தில் கருவாட்டுக் கடை வைத்திருந்த கிஹெய் அதை நூற்று முப்பதுக்கு முடித்தார். "எல்லாம் செத்துப்போன சரக்குதானே, கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்று கேட்டாராம். விற்றவர் மிகுரியா, அடுப்பு எரியாத வீட்டுக் கிழட்டுச் சாமுராய். கிஹெய்யின் இளைய மகன் யசாக்குவை அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பெயர் பிள்ளைக்கு, பணம் கிழவருக்கு.

அந்தப் பெயரோடு யசாக்கு கடற்படைப் பள்ளிக்குப் போனான். "கருவாடு வருது, பூனையைக் கட்டுங்கடா!" என்று சாமுராய் வீட்டுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே அவர்களை முந்தித் தேறினான். இருபத்து மூன்று வயதில் ஒரு டார்பிடோ படகில் இளநிலை அதிகாரி.

பிப்ரவரி மாதம். மறுநாள் வடகடலுக்குப் புறப்பட வேண்டும். வழியில் நிலக்கரி கிடைக்காது. இங்கே ஏற்றுவதுதான் போகவும் வரவும். வியாபாரி பெஸ்ஷோ இருநூறு மூட்டைகளை அடுக்கிவிட்டு ரசீதை நீட்டினான். கேப்டன் நகோஷி மூட்டைப் பக்கம் திரும்பாமலே பேனாவை எடுத்தார். சாமுராய் குடியில் பிறந்தவர் தராசைத் தொடுவது இழுக்கு. பெஸ்ஷோவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

யசாக்கு ஒரு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டான். சொதசொதவென்று ஈரம்.

"ஐயா, கையெழுத்துப் போடாதீங்க. எடைக்காகத் தண்ணி ஊத்தியிருக்கான். எங்கப்பா கருவாட்டுக்கு இதைத்தான் செய்வாரு."

"மழை பெஞ்சுதுங்க" என்றான் பெஸ்ஷோ.

"ஒரு வாரமா வானம் காஞ்சு கிடக்கு. உன் கரிக்கு மட்டும் தனியா பெஞ்சுதா?"

நகோஷியின் முகம் சிவந்தது. "தராசைத் தொட்டா உன் வீட்டுக்கு எழுதிடுவேன். மிகுரியாங்கிற பேரு உனக்கு இருக்காது."

"பேரு போனா நான் ஒருத்தன் போறேன் ஐயா. கரி தீந்தா பத்தொம்பது பேரும் போயிடுவோம். தராசைக் கொண்டாங்கடா!"

கேப்டன் முதுகைத் திருப்பிக்கொண்டார். தடுப்பதற்கும் தராசுக்குப் பக்கத்தில் வர வேண்டுமே!

எடை போட்ட ஒரு மூட்டையைக் கொதிகலன் அருகே பரப்பி உலர்த்தி, மாலையில் மறுபடி தராசில் ஏற்றினான். ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகிப் போயிருந்தது. காய்ந்த மூட்டை எடை குறைவு; நாற்பதை ஈடுகட்ட ஐம்பது வேண்டும். துறைமுகக் கூலிகள் எல்லோரும் பார்க்க, பெஸ்ஷோ ஐம்பது மூட்டை காய்ந்த கரி கூடுதலாகக் கொடுத்தான்.

பதினோரு நாள். பனிப்புயல் படகை நான்கு நாள் அலைக்கழித்தது. திரும்பி வந்து கயிறு கட்டியபோது கரையில் மிகுரியாவின் கடிதம் காத்திருந்தது: 'தராசு தொட்ட கைக்கு எங்கள் பெயர் இல்லை. பணம் திருப்பித் தரப்படாது.'

யசாக்கு வாய்விட்டுச் சிரித்தான். படகுப் பதிவேட்டில் பயணக் கணக்கை எழுதி, 'கருவாட்டுக் கடை கிஹெய் மகன் யசாக்கு' என்று கையெழுத்திட்டு நீட்டினான். நகோஷி இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒன்றையும் அடிக்காமல் கீழே தன் பெயரைப் போட்டார்:

கூடுதல் கரி, ஐம்பது மூட்டை. மீதி, மூன்று. போனவர்கள் பத்தொன்பது. வந்தவர்கள் பத்தொன்பது. மூதாதையர் வகையில் நஷ்டம், பன்னிரண்டு தலைமுறை.